பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா? கணக்கைப் பாருங்கள்!

பெற்றோர் பக்கம்



குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் ஆறாம் படிவம் முடித்து எஸ்.டி.பி.எம். தேர்வில் 3.50 புள்ளி பெற்றிருக்கிறாள். கணக்கியல் படிக்க ஆசைப்படுகிறாள். பக்கத்து வீட்டுக்காரர், "நம்ம புள்ளைங்களுக்கெல்லாம் எங்கண்ணே கெடைக்கப் போவுது? பேசாம சிங்கப்பூர் வேலைக்கு அனுப்புங்க" என்கிறாராம். கோயில் கமிட்டித் தலைவரோ, "3.50 வாங்கிட்டா கவலையே வேணாம்பா, தானா கெடைக்கும்" என்கிறாராம். "ஐயா, இருவரில் யார் சொல்வதை நான் நம்புவது?" என்று கேட்கிறார்.

இருவர் சொல்வதையும் நம்பவேண்டாம் என்பதே நமது பதில். முதலாமவர் பேச்சைக் கேட்டால் பிள்ளை விண்ணப்பமே போடமாட்டாள். இரண்டாமவர் பேச்சைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் இடத்தைக் கோட்டைவிடுவது இந்த இரண்டு வழியிலும்தான். இடம் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் ஒரு கணக்கு. அந்தக் கணக்கு வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

"நமக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒதுங்கிக்கொள்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. சிங்கப்பூரில் 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகம் அமைந்தது. அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். உழைக்கும் மக்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கொடுத்தார்கள். 1956-இல் இந்திய ஆய்வியல் துறை தோன்றிற்று. பின்னர் அது கோலாலம்பூருக்கு வந்து இன்றும் நடக்கிறது. தாத்தாமார் ஒரு வெள்ளி கொடுத்து வளர்த்த வாசலில் பேரப்பிள்ளைகள் கூச்சப்பட்டு நிற்கவேண்டியதில்லை.

முதலில் வாசற்படி

இன்று நாட்டில் 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. நமது ஜொகூரிலேயே இரண்டு உண்டு. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், யு.டி.எம். என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். பத்து பகாட்டை அடுத்த பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம். 2007-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பாகோவிலும் அதற்கு ஒரு வளாகம் இருக்கிறது. சிகாமட்டில் உள்ள யு.ஐ.டி.எம். பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. ஆகையால் நம் பிள்ளைகளின் பட்டியலில் அது வராது.

எந்தப் பல்கலைக்கழகமானாலும் விண்ணப்பம் பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. அதுதான் யு.பி.யு. எனப்படும் மையப் பிரிவு. அங்கே முதலில் பார்ப்பது பொதுத் தகுதி. எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியில் கிரெடிட் வேண்டும். 2013 முதல் எழுதியவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சியும் கட்டாயம். எஸ்.டி.பி.எம்.மில் மொத்தச் சராசரி 2.00-க்குக் குறையக்கூடாது. பொதுப்பாடமான பெங்காஜியான் ஆமிலும் மேலும் இரண்டு பாடங்களிலும் குறைந்தது 'சி' வாங்கியிருக்கவேண்டும். மூவெட் என்னும் ஆங்கிலத் தேர்வும் எழுதியிருக்கவேண்டும்.

அடுத்து, அந்தந்தத் துறைக்குரிய தனித் தகுதி. பொறியியலுக்குக் கணிதத்திலும் அறிவியலிலும் இன்ன தேர்ச்சி, கணக்கியலுக்குக் கணிதத்தில் இன்ன தேர்ச்சி, மூவெட்டில் இன்ன நிலை என்று ஒவ்வொரு துறைக்கும் வழிகாட்டியில் எழுதியிருக்கும். இதில் ஒன்று குறைந்தாலும் புள்ளி எவ்வளவு உயரமாக இருந்தாலும் பயனில்லை. 3.80 வாங்கிய பிள்ளையாயினும் மூவெட்டில் கேட்ட நிலை இல்லையென்றால் அந்தத் துறைக் கட்டம் வீண்தான். எனவே பாரம் போடுமுன் சான்றிதழையும் வழிகாட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். மலாய்மொழி எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் இதற்கு உதவலாம்.

எஸ்.பி.எம். மலாய்மொழியிலோ வரலாற்றிலோ தவறிய பிள்ளைகள் அந்தப் பாடத்தை மட்டும் மறுபடி எழுத வாய்ப்பு இருக்கிறது. அதை எழுதி முடிக்காமல் ஆறாம் படிவத்தில் எவ்வளவு பாடுபட்டாலும் வாசற்படியிலேயே நின்றுவிட நேரும்.

தொண்ணூறும் பத்தும்

படியைத் தாண்டியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையை வகுப்பதுதான் மெரிட் எனப்படும் தகுதிப் புள்ளி. மொத்தம் 100. அதில் 90 பங்கு படிப்புக்கு, 10 பங்கு புறப்பாட நடவடிக்கைக்கு.

பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வாளி நிறையப் பால் கொண்டுவந்தாலும், நிறுக்கும் இடத்தில் எடையை மட்டுமா பார்த்தார்கள்? சத்து எவ்வளவு என்றும் பார்த்துத்தானே கணக்கு எழுதினார்கள்? பிள்ளை கொண்டுவரும் 3.50 என்பது வாளி. மெரிட் என்பது கணக்குப் புத்தகத்தில் ஏறும் எண்.

கணக்கு இப்படி. எஸ்.டி.பி.எம். சராசரியை 4.00-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்கவேண்டும். நமது குளுவாங் பெண்ணுக்கு 3.50. அதற்கு 78.75 வருகிறது. புறப்பாடத்தில் பத்துக்கு 8 வாங்கியிருந்தால் அவளுடைய மெரிட் 86.75. ஐந்துதான் வாங்கியிருந்தால் 83.75. அதே 3.50, ஆனால் மூன்று புள்ளி வித்தியாசம். அந்த மூன்று புள்ளிக்குள் எத்தனையோ பேர் அவளைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். எஸ்.டி.பி.எம். சராசரி நான்கு பாடங்களில் வருகிறது. ஒரு பாடத்தில் 'பி' வாங்கியவர் 'பி பிளஸ்' வாங்கினால் மெரிட்டில் ஏறத்தாழ 1.86 புள்ளி கூடுகிறது. புறப்பாடத்தில் இரண்டு புள்ளி கூட்டினாலும் கிட்டத்தட்ட அதே பலன்தான். ஒரு பாடத்தில் ஒரு படி ஏற இரவெல்லாம் கண்விழிக்கும் பிள்ளை, சனிக்கிழமை சீருடை இயக்கத்துக்குப் போகாமல் அந்தப் புள்ளியை இழந்துவிடுகிறது.

ஏன் இழக்கிறது? சோம்பலினால் என்று சொல்லிவிடாதீர்கள். தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளிப் பேருந்து ஒன்றுதான். பள்ளி விட்டதும் அது புறப்பட்டுவிடும். மாலை நான்கு மணி வரை தங்கிச் செஞ்சிலுவைப் பயிற்சியோ வாலிபால் ஆட்டமோ முடித்தால் வீட்டுக்கு வர வழியில்லை. பெண்பிள்ளை என்றால் தாய்க்கு மனமும் ஒப்பாது. பட்டணத்துப் பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்தப் பத்துப் புள்ளியில் நம் பிள்ளை பின்தங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பயண வசதிக் குறைதான்.

ஆகவே நாம் சொல்வது இது. ஒரே தோட்டத்திலோ ஒரே தாமானிலோ ஆறாம் படிவம் படிக்கும் நான்கைந்து பிள்ளைகள் இருந்தால், பெற்றோர்கள் ஒன்றுகூடிப் புறப்பாட நாளுக்கு மட்டும் ஒரு வண்டி பேசிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருநாள் செலவுதான். பெயரளவுக்கு மூன்று கழகத்தில் சேர்ந்திருப்பதால் பயனில்லை. ஒழுங்கான வருகை, செயலாளர், பொருளாளர் போன்ற பொறுப்பு, மாவட்ட மாநில அளவில் பங்கு ஆகிய இவற்றுக்குத்தான் புள்ளி. சான்றிதழ்களை ஒரு கோப்பில் பத்திரமாக வைத்திருங்கள். ஆசிரியர் பதிந்த புள்ளி சரிதானா என்று பள்ளியை விட்டு வருமுன் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சராசரி என்றால் கடைசி ஆள் அல்ல

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். யு.பி.யு. வழிகாட்டியில் ஒவ்வொரு துறைக்கும் பக்கத்தில் 'சராசரி மெரிட்' என்று ஓர் எண் போட்டிருக்கும். முந்திய சேர்க்கையில் இடம் பெற்றவர்களின் சராசரி அது. நம் பிள்ளைகள் இந்த எண்ணைப் பார்த்துத்தான் மிரளுகிறார்கள். "சராசரி 88 போட்டிருக்கு, எனக்கு 86.75-தான்பா இருக்கு, கெடைக்காது" என்று அந்தக் கட்டத்தையே அடித்துவிடுகிறார்கள்.

செம்பனைக் காட்டில் பத்துப் பேர் குலை வெட்டுகிறார்கள். கிராணி கணக்குப் பார்த்து, "சராசரி ஆளுக்கு 90 குலை" என்கிறார். ஒருவர் 110 வெட்டியிருப்பார். ஒருவர் 75 வெட்டியிருப்பார். 75 வெட்டியவருக்கு அன்று சம்பளம் கிடையாதா? உண்டு அல்லவா? மெரிட் சராசரியும் அப்படித்தான். 88 சராசரி என்றால் 95 வாங்கியவரும் உள்ளே போயிருக்கிறார்; 83 வாங்கியவரும் போயிருக்கக்கூடும். உள்ளே போனவர்களில் கணிசமானவர்கள் அந்த எண்ணுக்குக் கீழே இருந்தவர்களே.

தமிழ்நாட்டில் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் 'கட் ஆஃப்' என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே பொறியியல் சேர்க்கையில் கணிதத்துக்கு 100, இயற்பியல், வேதியியலுக்கு ஐம்பது ஐம்பது என்று 200-க்குக் கணக்குப் போட்டு, ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண் எது என்று பார்ப்பார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. ஒரு துறையில் நூறு பேர் சேர்ந்தால், கீழிருந்து பத்தாவது நிலையில் இருப்பவரும் மேலிருந்து பத்தாவது நிலையில் இருப்பவரும் என்ன தேர்ச்சி பெற்றவர்கள் என்று அதில் காணலாம். நமது வழிகாட்டியில் உள்ள எண்ணோ நடுவில் நிற்கும் எண். அதைக் கடைசி ஆளின் எண் என்று நினைத்துப் பின்வாங்கினால் நஷ்டம் நமக்கே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சராசரியைவிட ஒரு புள்ளி கூட இருக்கிறது என்பதால் இடம் கையில் வந்துவிட்டதாக எண்ணவும் கூடாது. இந்த ஆண்டு எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள், எத்தனை இடம் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண் ஏறும், இறங்கும். 2025-ஆம் ஆண்டில் எஸ்.டி.பி.எம். தேர்வில் 4.00 முழுப் புள்ளி பெற்ற மாணவர் ஒருவருக்கு, அவர் விரும்பிய மலாயாப் பல்கலைக்கழகக் கணக்கியல் துறையில் இடம் கிடைக்காமல் நாளேடுகளில் பெரும் பேச்சாயிற்று. முழுப் புள்ளிக்காரருக்கே அந்த நிலை என்றால், ஒரே துறையை, ஒரே பல்கலைக்கழகத்தை நம்பி உட்கார்ந்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள். மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், சட்டம், கணக்கியல் ஆகியவற்றில் வாசல் குறுகல், கூட்டம் பெரிது.

பன்னிரண்டு கட்டங்கள்

யு.பி.யு. பாரத்தில் பன்னிரண்டு வரை துறைகளைத் தேர்ந்தெடுக்கலாம். (அந்தந்த ஆண்டு வழிகாட்டியில் உள்ள எண்ணிக்கையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) இந்தக் கட்டங்களில்தான் பிள்ளையின் வாய்ப்பு இருக்கிறது. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்குப் பொருந்தும்.

நான்கைந்து கட்டங்களை மட்டும் நிரப்பிவிட்டு, "இது போதும்" என்று விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பன்னிரண்டையும் நிரப்பினாலும், பன்னிரண்டிலும் எட்டாத உயரத்தையே எழுதும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான்.

நமது குளுவாங் பெண் 86.75 மெரிட்டோடு உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலை மூன்று பிரிவாகப் பிரிக்கட்டும்.

முதல் மூன்று கட்டம் ஆசைக்கு. தன் புள்ளியைவிடச் சராசரி இரண்டு மூன்று புள்ளி கூட உள்ள துறைகள். மனம் எதை மிகவும் விரும்புகிறதோ அதுவே முதல் கட்டத்தில் வரவேண்டும். தேர்ந்தெடுத்த வரிசையையும் பார்க்கிறார்கள். எனவே ஊருக்காகவும் உறவுக்காகவும் முதல் கட்டத்தை வீணாக்கவேண்டாம்.

அடுத்த ஐந்து கட்டம் நிலைமைக்கு. தன் புள்ளியும் சராசரியும் ஏறத்தாழ ஒன்றாக உள்ள துறைகள். இடம் பெரும்பாலும் இங்கேதான் அமையும். ஆகவே இந்த ஐந்தையும் பிள்ளை உண்மையாகவே படிக்க விரும்பும் துறைகளாகத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

கடைசி நான்கு கட்டம் காப்புக்கு. தன் புள்ளிக்குச் சராசரி நன்றாகக் கீழே உள்ள துறைகள். "இதுவாவது கிடைக்கட்டும்" என்று கண்டதையும் எழுதிவிடக் கூடாது. கிடைத்தால் மூன்று நான்கு ஆண்டு அமர்ந்து படிக்கவேண்டியவள் அவள்தானே!

ஒரே துறையே பல பல்கலைக்கழகங்களில் உண்டு என்பதையும் மறவாதீர்கள். கணக்கியல் என்றால் மலாயாப் பல்கலைக்கழகம் மட்டுமா? கெடா சிந்தோக்கில் உத்தாரா பல்கலைக்கழகம் இருக்கிறது. திரெங்கானுவில் உண்டு; சரவாக்கில் உண்டு; சபாவில் உண்டு. பொறியியல் என்றால் ஸ்கூடாய் மட்டுமன்று. பாரிட் ராஜாவும் இருக்கிறது. தலைநகர் வட்டாரத்தில் நெரிசல் அதிகம். அதே படிப்புக்கு ஒவ்வோர் இடத்திலும் என்ன சராசரி என்று வழிகாட்டியில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஐந்தாறு புள்ளி வேறுபாடுகூடக் கண்ணில் படும்.

இங்கேதான் தாய்மார்கள் குறுக்கே வருகிறார்கள். "பொம்பளப் புள்ளைய சபாவுக்கா அனுப்புறது? ஜொகூர்லயே கெடைச்சா போவட்டும், இல்லாட்டி வேணாம்." அம்மா, உங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நம் பாட்டிமார் கடலைத் தாண்டிப் பெயர் தெரியாத காட்டுக்கு வந்தவர்கள். இன்று போகும் பிள்ளைக்கு வளாகத்திலேயே தங்கும் விடுதி உண்டு. கையில் தொலைபேசி உண்டு. அங்கே ஏற்கெனவே படிக்கும் தமிழ்ப்பிள்ளைகளும் உண்டு. ஜொகூரை விட்டு வெளியே போகக்கூடாது என்று சொல்லும்போது, பன்னிரண்டு கட்டத்தில் பாதியை நாமே அடித்துவிடுகிறோம் என்பதை அறிந்தே சொல்லவேண்டும்.

ஆசிரியப் படிப்பு, மருத்துவம் போன்ற சில துறைகளுக்கு நேர்காணல் உண்டு. வழிகாட்டியில் குறி போட்டிருக்கும். அழைப்பு வரும் நாளில் பிள்ளை வேலைக்குப் போயிருந்து பார்க்காமல் விட்டால் அந்தக் கட்டமும் போயிற்று. பாரம் போட்ட நாள் முதல் முடிவு வரும்வரை மின்னஞ்சலையும் யு.பி.யு. பக்கத்தையும் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு பாதைகள்

"ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா?" என்று எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளின் பெற்றோர்கள் கேட்கிறார்கள். ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவோம். 2002-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழகத்தில் இன ஒதுக்கீட்டுக்குப் பதிலாகத் தகுதி முறை என்று அரசாங்கம் கொண்டுவந்தது. ஆனால் அந்தத் தகுதிக்குப் போகும் பாதைகள் இரண்டு. ஒன்று எஸ்.டி.பி.எம். மற்றொன்று ஓராண்டு மெட்ரிகுலேஷன். மெட்ரிகுலேஷனில் நூற்றுக்குத் தொண்ணூறு இடம் பூமிபுத்ராக்களுக்கு, பத்து இடம் மற்றவர்களுக்கு என்பது நீண்ட நாள் ஏற்பாடு. இரண்டு வெவ்வேறு தேர்வு எழுதியவர்கள் ஒரே இடத்துக்குப் போட்டியிடுவது சரியா என்ற கேள்வி அன்றுமுதல் இருந்துவருகிறது. அந்தக் கேள்வி நியாயமானது. அதைத் தலைவர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஆனால் அதற்குப் பதில் வரும்வரை பிள்ளையின் பாரம் காத்திருக்காது.

2012-இல் மெட்ரிகுலேஷனில் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் என்று அரசாங்கம் அறிவித்தது. 2024-இல் பிரதமர் அன்வார் இப்ராகிம், எஸ்.பி.எம். தேர்வில் 10 'ஏ'-யும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று அறிவித்தார். இதில் நம் பிள்ளைகள் கவனிக்கவேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. அறிவியல் பிரிவு மாணவர் எழுதும் பாடங்களை விரல்விட்டு எண்ணுங்கள். மலாய்மொழி, ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று ஒன்பதுதான் வருகிறது. பத்தாவது எங்கே? தமிழ்மொழி எழுதினால் பத்தாவது 'ஏ' வருவதற்கு வழி பிறக்கிறது. "தமிழ் எதுக்கு, அது சுமை" என்று ஐந்தாம் படிவத்தில் தமிழை விட்டுவிடும் பிள்ளை, தாய்மொழியோடு அந்தப் பத்தையும் விட்டுவிடுகிறது.

மெட்ரிகுலேஷன் கிடைத்தால் நல்லது. நமது தங்காக்கிலேயே அந்தக் கல்லூரி இருக்கிறது. கிடைக்காவிட்டால் ஆறாம் படிவத்தைத் தண்டனை என்று எண்ணவேண்டாம். மூன்று பருவமாக நடக்கும் அந்தத் தேர்வில், ஒரு பருவத்தில் சறுக்கியதை மறுபடி எழுதி உயர்த்திக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. முதற் பருவ முடிவைப் பார்த்து அழுதுகொண்டு பள்ளியை விட்டுவிடும் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். 3.17 சராசரி பெற்றவருக்கும் மெரிட் கணக்கில் 71.3 வருகிறது. புறப்பாடம் 8 சேர்ந்தால் 79-ஐத் தாண்டுகிறது. அந்தப் புள்ளிக்கும் பொருத்தமான துறைகள் பட்டியலில் உண்டு.

பணமும் பணம் பறிப்பவர்களும்

யு.பி.யு. வழியாகக் கிடைக்கும் இடத்துக்கு அரசாங்கம் பெரும்பங்கைத் தாங்குகிறது. மீதிக்கு 1997 முதல் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் இருக்கிறது. கடன் கேட்கவேண்டுமானால் பிள்ளையின் பேரில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்குத் தேவை. அதைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். கடன் என்பது திருப்பிக் கட்டவேண்டியது என்பதையும் பிள்ளைக்கு முதல்நாளே சொல்லிவையுங்கள்.

சில அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் யு.பி.யு.வுக்கு வெளியே நேரடிச் சேர்க்கையும் வைத்திருக்கின்றன. அதுவும் முறையான வழியே. ஆனால் கட்டணம் பல மடங்கு கூடுதல். "அதே பல்கலைக்கழகம்தானே" என்று கையெழுத்துப் போடுமுன், முழுப் படிப்புக்கும் எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

"எனக்கு உள்ளே ஆள் தெரியும், இத்தனை ஆயிரம் கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள். வரிசை மெரிட்டில் போகிறது. நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் திரும்பி வராது.

முடிவு வரும் நாள்

இடம் கிடைத்தால், குறித்த நாளுக்குள் ஏற்றுக்கொள்வதாகப் பதிந்தாகவேண்டும். பதியாவிட்டால் கைக்கு வந்தது போய்விடும். விரும்பிய துறை வராமல் ஏழாவது கட்டம் வந்திருந்தால், கோபத்தில் தள்ளிவிடாமல் ஒருநாள் பொறுத்து யோசியுங்கள். எழுதும்போது யோசித்து எழுதிய கட்டம் என்றால் வருத்தம் நீண்ட நாள் இருக்காது.

ஒன்றுமே கிடைக்காவிட்டால் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. ஆனால் கொடுக்கும் நாட்கள் குறைவு. மீந்திருக்கும் இடங்களுக்குத்தான் அது நடக்கும். ஆகையால் மேல்முறையீட்டில் மறுபடியும் மருத்துவத்தையே எழுதிப் பயனில்லை. இடம் மீந்திருக்கக்கூடிய துறைகளைப் பார்த்து எழுதவேண்டும். அதுவும் தவறினால் பாசிர் கூடாங் இப்ராகிம் சுல்தான் போலிடெக்னிக் போன்ற இடங்களில் டிப்ளோமா படித்து, அந்தப் புள்ளியைக் கொண்டு மறுபடி பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு மூன்று ஆண்டு கூடுதலாகும், அவ்வளவுதான்.

குளுவாங் நண்பரே, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டோம். 3.50 என்ற எண்ணுக்குத் 'தானாகக் கிடைக்கும்' என்ற பொருளும் கிடையாது, 'கிடைக்கவே கிடைக்காது' என்ற பொருளும் கிடையாது. அளந்து நிரப்பினால் அது நல்ல புள்ளி.

மற்றப் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாரம் போடும் இரவில் பிள்ளையைத் தனியாகக் கைப்பேசியோடு விட்டுவிடாதீர்கள். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு ஒரு தாளை எடுங்கள். ஒரு பக்கம் பிள்ளையின் மெரிட். மறுபக்கம் பன்னிரண்டு துறை, பன்னிரண்டு சராசரி. எழுத்துத் தெரியாத தாயாக இருந்தாலும் பக்கத்தில் உட்காருங்கள். "இந்தப் படிப்பு படிச்சா என்ன வேலை பாக்கலாம்? எந்த ஊரு? நீ நெசமா விரும்புறியா?" இந்த மூன்று கேள்வியைக் கேட்பதற்குப் படிப்புத் தேவையில்லை. பிள்ளை வாய்விட்டுப் பதில் சொல்லும்போதே, எந்தக் கட்டம் இருக்கவேண்டும், எந்தக் கட்டம் போகவேண்டும் என்பது அதற்கே தெரிந்துவிடும்.